கடனும் கனலும் காரையும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் கூவத்தின் முகத்துவாரத்தைக் கடந்து தெற்கே வருபவர்களுக்கு, வலப்புறத்தில் சர்வகலாசாலையின் மணிக்கூண்டும், அதையடுத்துச் செந்நிறச் சுவர்களும் வண்ணக் கும்மட்டங்களுமாய்ச் செனட் மண்டபமும், வாலாஜா சாலையைத் தாண்டியபின் அரசாங்கக் காரியாலயங்கள் நிறைந்த எழிலகமும், அதற்கும் அப்பால் மாநிலக் கல்லூரியும் வரிசையாகத் தென்படுகின்றன. இவற்றுள் எழிலகத்தின் முதுகுப்புறத்தில், சாலையோடு போகிறவர் கண்ணுக்கு எளிதில் அகப்படாதபடி மறைந்து நிற்பதுதான் ஆர்க்காட்டு நவாபுகளின் சேப்பாக்கம் அரண்மனை. அவ்வரண்மனை இரு பகுதிகளாலானது: ஒன்று, தர்பார் நடந்த ஹுமாயூன் மஹால், மற்றொன்று, நவாபு வாசம் செய்த கலச மஹால் என்னும் இரண்டடுக்கு மாளிகை. 2012ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் பொங்கல் விடுமுறையில் ஓர் இரவு தீப்பற்றி எரிந்து, கூரையிழந்து, வெறுஞ்சுவராய் நின்று, பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்று இன்று நீதி வழங்கும் மன்றமாய் விளங்குவது இக்கலச மஹாலே.

பழைய கட்டடமொன்றின் சரித்திரத்தைச் சொல்லப் புகுபவர்கள், அதைக் கட்டியவன் பெருமையையும் அதன் வளைவுகளின் அழகையும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். கலச மஹாலைப் பொறுத்தமட்டில் அது பாதிக் கதையே ஆகும். கடன் பத்திரங்களின் பலத்தில் எழுந்து, ஒப்பந்தங்களாலும் ஏலத்தாலும் கைமாறி, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் சர்க்கார்த் தஸ்தாவேஜுகளைச் சுமந்து, முடிவில் அந்தத் தஸ்தாவேஜுகளோடேயே எரிந்துபோன கட்டடம் இது. தொடக்கம் முதல் விபத்து வரையில் இதன் வாழ்வெல்லாம் காகிதத்தோடு பிணைந்திருந்தது. ஆனால் எரிந்த பிறகு இதை மீட்டெடுக்கத் தேவைப்பட்ட ஞானமோ, பெரும்பாலும் காகிதத்தில் இல்லாமல் கொத்தனாரின் கையிலே இருந்தது. இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், ஒரு மாளிகையின் ஜீர்ணோத்தாரணம் என்பது எத்தகைய காரியம் என்பது விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், கர்நாடகத்தின் சிம்மாசனத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நடத்திய யுத்தங்களின் விளைவாக நவாபு ஆனவர் முகம்மது அலி வாலாஜா. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியின் துப்பாக்கிகளால் கிடைத்த பட்டத்தைக் கும்பினியின் துப்பாக்கிகளின் நிழலிலேயே காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்த அவருக்கு, ஆர்க்காட்டை விடச் சென்னையே பத்திரமான இடமாகத் தோன்றியது இயல்புதான். புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே தமக்கு ஓர் அரண்மனை கட்டிக்கொள்ள அவர் முதலில் விரும்பினார். அந்த எண்ணம் கைகூடவில்லையாயினும், கோட்டைக்குள் இன்றும் அரண்மனைத் தெரு என்று ஒரு தெரு வழங்கி வருவது அந்த நிறைவேறாத ஆசைக்குச் சாட்சியாக நிற்கிறது. கோட்டைக்குத் தெற்கே, கூவத்துக்கு இப்பால், கடல் காற்று தடையின்றி வீசும் சேப்பாக்கத்தில் நிலங்களை வாங்கிச் சேர்த்து, 1768ஆம் ஆண்டளவில் அவர் அமைத்துக்கொண்ட அரண்மனை வளாகம் 117 ஏக்கர் பரப்புடையதாய் மதில் சூழ்ந்து விளங்கியது. பிற்காலத்துச் சர்வகலாசாலைக் கட்டடங்கள் எழுந்த இடத்தில், கடலை நோக்கியவாறு நவாபின் எண்கோண நீராடு மண்டபம் ஒன்று இருந்தது. சென்னைக் கிரிக்கெட் மைதானமும் அப்பழைய தோட்டத்தின் ஒரு துண்டேயாகும்.

இவ்வளவு பெரிய நிர்மாணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை, அக்காலத்துச் சென்னையின் மிகப் பெரிய தொழிலாகிய வட்டித் தொழிலில் இருக்கிறது. கும்பினியின் உத்தியோகஸ்தர்கள், பகலில் கும்பினிக்கு வேலை செய்து, மற்ற நேரத்தில் நவாபுக்குக் கடன் கொடுத்து, அவருடைய ஜில்லாக்களின் வரி வசூலையே ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு செல்வந்தர்களாயினர். அவர்களுள் தலைசிறந்தவர் பால் பென்ஃபீல்டு என்பவர். 1764இல் கும்பினியின் கட்டட வேலைகளுக்காகச் சென்னைக்கு வந்து, பின்னர் ஒப்பந்தக்காரராகவும் கடன்காரர்களின் தலைவராகவும் ஆனவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்று பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. கடன் கொடுத்தவனே கட்டடமும் கட்டிக் கொடுத்து, கட்டடத்துக்கான கூலியையும் கடனில் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம், அந்தக் காலத்துக்கு அப்படியொன்றும் அதிசயமானதன்று. நவாபின் கடன்கள் என்னும் விவகாரம் கடல் கடந்து இங்கிலாந்தின் பார்லிமெண்டு வரை சென்றது. 1785ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எட்மண்ட் பர்க் அதைக் குறித்து ஆற்றிய பிரசங்கத்தில் பென்ஃபீல்டின் பெயர் வசைக்குரிய பெயர்களுள் முதன்மையாய் இடம்பெற்றது. பிற்பாடு அக்கடன்களை விசாரிக்க ஏற்பட்ட கமிஷன், பல வருஷ காலம் அமர்ந்து, 3 கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைப் பரிசீலித்ததில், பத்தில் ஒரு பங்குகூட நியாயமானதென்று ஏற்கப்படவில்லை. கோடிக் கணக்கில் பவுன் குறிக்கப்பட்ட அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை பொய்யாய்ப் போயின. பென்ஃபீல்டும் 1810இல் பாரிஸ் நகரில் வறுமையில் மாண்டார். அக்காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்புமே மெய்யாய் எஞ்சி நின்றன.

அந்தச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அரண்மனையின் வளைவுகளிலும் தூண்களிலும் கும்மட்டங்களிலும் மொகலாய மரபையும் ஐரோப்பிய மரபையும் கலந்து வைத்தவர்கள் எவராயினும், அதை நிலைநிறுத்திய வேலை இந்நாட்டுக் கொல்லத்துக்காரருடையது. சென்னையின் சாந்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உலகப் பிரசித்தி உண்டு. செயின்ட் ஹெலினா தீவில் கவர்னராயிருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய குறிப்பொன்றை, லண்டன் ராயல் சொசைட்டியார் 1732ஆம் ஆண்டளவில் தங்கள் சஞ்சிகையில் பிரசுரித்தனர். சுண்ணாம்பு, மணல் என்னும் இரண்டோடு வெல்லமும் கடுக்காயும் பயறு வேகவைத்த நீரும் சேர்வதையும், மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் தயிரும் நெய்யும் பயன்படுவதையும் அதில் வாசித்த சீமைப் பண்டிதர்கள், சமையற்கட்டுச் சாமான்களைக் கொண்டு கட்டடம் கட்டும் தேசம் ஒன்று இருப்பதை அறிந்து வியந்திருக்கக்கூடும்.

வியப்புக்கு அதில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கடற்கரையிலும் கழிமுகங்களிலும் வாரிச் சேர்த்த கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, சலித்து, தொட்டியில் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் ஊறவைத்து எடுக்கும் சுண்ணாம்பு, கற்சுண்ணாம்பை விடச் சுத்தமானது, வெண்மையானது. வெல்ல நீர் சுண்ணாம்பின் துகள்களைப் பிரித்து, குறைந்த தண்ணீரிலேயே சாந்தை இளக்கமாக்கி, இறுகும்போது வலுவையும் கூட்டுகிறது. கடுக்காயின் துவர்ப்பு, சாந்தினுள் நீர் ஊடுருவுவதைத் தடுக்க உதவுகிறது. வெண்கருவும் தயிரும் மேற்பூச்சுக்குப் பசையும் வழுவழுப்பும் தருகின்றன. சாந்தைக் காரைச் செக்கில் மாடு கட்டி ஆட்டி, அம்மியில் வெண்ணெயாய் அரைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, மாக்கல் தூளைத் தூவி, உள்ளங்கையாலும் கூழாங்கல்லாலும் நாள் முழுதும் தேய்த்தால், அச்சுவர் சலவைக்கல்லுக்கு இணையாகப் பளபளக்கும். மணற்பாங்கான சென்னையில் வெள்ளைக்காரர்களின் தோட்ட பங்களாக்களெல்லாம் சலவைக்கல் மாளிகைகளாய்த் தோன்றியதன் ரகசியம் இதுதான்.

கூரையின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. மதராஸ் ஒட்டு, மெட்ராஸ் டெரஸ் என்றெல்லாம் வழங்கும் அக்கூரைக்குத் தேக்கு உத்திரங்கள் ஆதாரம். அவற்றின்மேல் நெருக்கமாகச் சட்டங்களைப் பரப்பி, ஓர் அங்குல கனமே உள்ள சிறிய அச்சுக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, சட்டங்களுக்குக் குறுக்காகச் சாய்கோட்டில், விளிம்பின்மேல் நிறுத்தி ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு எதுவும் கொடுக்காமல், முன்வைத்த கல்லையே பின்வைத்த கல் பற்றிக்கொண்டு நிற்கும்படி செய்வதில்தான் கொத்தனாரின் கைத்திறன் விளங்கும். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளி எழும் அளவுக்குத் தளம் கெட்டிப்பட்ட பிறகே அடிப்பது நிற்கும். அதன்மேல் தட்டோடு இரண்டு மூன்று வரிசை பதித்துவிட்டால், வெயிலை உள்ளே விடாத, மழைக்கு அசையாத மொட்டைமாடி ஆயிற்று. கலச மஹாலின் கூரை இவ்வகையைச் சேர்ந்ததே.

இப்படி எழுந்த மாளிகையில் நவாபின் வம்சத்தார் நிம்மதியாய் வாழ்ந்த காலம் சொற்பமே. வாலாஜா 1795இல் காலமானார். அவர் மகன் 1801இல் இறந்த கையோடு, கும்பினியார் புதிய நவாபிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக் கர்நாடகத்தின் ஆட்சியைத் தாமே ஏற்றுக்கொண்டனர். நவாபுக்குப் பட்டமும் உபகாரச் சம்பளமும் அரண்மனையும் மிஞ்சின. கடைசி நவாபாகிய குலாம் முகம்மது கௌஸ் கான் 1855இல் வாரிசின்றி இறந்தபோது, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் அவகாசியிலிக் கொள்கைப்படி அந்தப் பட்டமும் ரத்தாயிற்று. கடனைத் தீர்ப்பதற்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. சென்னைச் சர்க்காரே அதை வாங்கிக்கொண்டது. குடும்பத்தார் பிற்பாடு ஆர்க்காட்டு இளவரசர் என்னும் புதிய பட்டத்தோடு ராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறினர். கடனில் தொடங்கிய அரண்மனை வாழ்வு கடனிலேயே முடிவுற்றது.

மாளிகைக்கு இரண்டாவது ஜன்மம் கிடைத்தது கல்வியின் மூலமாகத்தான். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் ஸ்தாபிக்கப்பெற்றது. அதற்கென்று சொந்த மண்டபம் எழுவதற்கு முன்பே, 1862இல், சிவில் எஞ்சினீயரிங் கல்லூரி கலச மஹாலுக்குக் குடிவந்தது. 1794இல் கோட்டையருகே நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, படிப்படியாக வளர்ந்து கல்லூரியாகிய அந்த ஸ்தாபனம், 1920இல் கிண்டிக்கு மாறிச் செல்லும் வரையில், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நவாபின் வாசஸ்தலத்திலேயே வகுப்புகளை நடத்தியது. அணைகளையும் பாலங்களையும் ரஸ்தாக்களையும் கட்டப்போகும் தலைமுறை தலைமுறையான எஞ்சினீயர்கள், சுண்ணாம்பின் இயல்பையும் செங்கல்லின் தாங்குதிறனையும் பாடமாகப் படித்தபோது, அவற்றுக்கு உதாரணமாகக் காட்ட அவர்கள் தலைக்கு மேலேயே மதராஸ் ஒட்டுக் கூரை இருந்தது. இந்தச் செய்தியை நாம் மறந்துவிடலாகாது; இக்கதையின் பிற்பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

இதே காலத்தில்தான் ராபர்ட் சிஷோம் என்னும் சிற்பி சேப்பாக்கத்தின் முகத்தை மாற்றலானார். மாநிலக் கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் நடந்த அமைப்புப் போட்டியில் வெற்றி பெற்றுச் சென்னைக்கு வந்து, பின்னர் அரசாங்கத்தின் ஆலோசகச் சிற்பியாக நியமனம் பெற்ற அவர், 1870இல் கல்லூரியை முடித்து, 1874 முதல் 1879 வரையில் செனட் மண்டபத்தை எழுப்பினார். கல்லூரியைக் காட்டிலும் மண்டபத்தில் இந்நாட்டு மரபின் சாயல் மிகுந்து காணப்படுவதற்கு, வாலாஜா சாலைக்கு அப்பால் அவர் தினமும் கண்ட நவாபின் அரண்மனை ஒரு காரணமாயிருந்திருக்க வேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். அரண்மனையின் இரு மஹால்களையும் இணைத்து நடுவில் உயர்ந்த கோபுரம் ஒன்றைக் கட்டியவரும், ஹுமாயூன் மஹாலை ரெவினியூ போர்டின் உபயோகத்துக்கு ஏற்றவாறு விஸ்தரித்தவரும் அவரே. ஆகவே இன்று நாம் சேப்பாக்கம் அரண்மனை என்று சொல்வது வாலாஜாவின் சிருஷ்டி மாத்திரமன்று, சிஷோமின் சிருஷ்டியுமாகும்.

கல்லூரி போன பிறகு கலச மஹாலுக்கு வந்து சேர்ந்தவை காரியாலயங்கள். காரியாலயம் என்பது கட்டடத்தின் மீது பகை உடையதன்று. ஆனால் அன்பும் உடையதன்று. குமாஸ்தாக்கள் பெருகப் பெருகக் கூடங்கள் பலகைத் தடுப்புகளால் அறைகளாயின. உயரமான கூரையில் மின்விசிறியும் குளிர்சாதனமும் சரிவர வேலை செய்யாமையால், கீழே பொய்க்கூரை ஒன்று கட்டித் தொங்கவிடுவது எங்கும் வழக்கமாயிற்று. அதற்குள் மின்கம்பிகள் வருஷந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தன. அலமாரிகளில் கொள்ளாத கோப்புகள் தாழ்வாரங்களில் மூட்டை கட்டி வைக்கப்பட்டன. இதற்கிடையில் கட்டடக் கலையிலும் ஒரு புரட்சி நடந்துவிட்டது. 1904இல் சென்னையிலேயே கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்டு தயாரிக்கும் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது; அந்த முயற்சி வெற்றி பெறவில்லையானாலும், பிற ஊர்களில் ஆலைகள் பெருகி, இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் சிமெண்டு நாடெங்கும் பரவிவிட்டது. பக்கிங்காம் கால்வாயில் கிளிஞ்சலும் விறகும் ஏற்றி வந்த படகுகள் மறைந்தன. ஊருக்கு ஊர் புகைந்த காளவாய்கள் அணைந்தன. காரைச் செக்குகள் மண்ணில் புதைந்தன. நாட்கணக்கில் ஊறவைத்து, நாட்கணக்கில் அடித்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய சாந்துக்குப் பதிலாக, மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினால் மறுநாளே இறுகிவிடும் சரக்கு கிடைக்கும்போது, காத்திருக்க யாருக்கு மனம் வரும்? பழைய சுவரில் காரை பெயர்ந்த இடத்திலெல்லாம் சிமெண்டைப் பூசினார்கள். சுவாசிக்கும் சுவருக்குச் சிமெண்டு மூடி போட்டாற்போலாயிற்று. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உப்பாய்ப் பூத்துச் செங்கல்லையே அரித்தது.

2012 ஜனவரி 15ஆம் தேதி இரவுக்கும் 16ஆம் தேதி அதிகாலைக்கும் இடையில் கலச மஹால் தீப்பற்றியபோது, தொழில் வணிகத் துறை முதலிய அலுவலகங்கள் அங்கே இயங்கிக்கொண்டிருந்தன. விடுமுறையாதலால் ஊழியர்கள் இல்லை. காகிதமும் பலகையும் பழந்தேக்கும் தீக்கு இரையாயின. கூரை உள்வாங்கி விழுந்தது. தீயை அணைக்க உள்ளே புகுந்த தீயணைப்புப் படையின் அதிகாரி ஒருவர் இடிபாட்டில் சிக்கி உயிர் துறந்தார். பெண் அதிகாரி ஒருவர் உட்பட வேறு சிலர் கடுங்காயமுற்றனர். கட்டடத்தின் நஷ்டத்தைக் கணக்கிடுபவர்கள், முதலில் எழுத வேண்டிய நஷ்டம் இதுதான்.

விடிந்தபின் கண்டவர்களுக்கு, உள்ளே வானம் தெரிய, வெளிச்சுவர்கள் மட்டும் கரியேறி நின்றன. இனி இது எதற்கும் உதவாது, இடித்துவிடுவதே புத்தி என்ற பேச்சு எழுந்தது. அவ்விதம் சொன்னவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. கூரையை இழந்த உயரமான சுவர் ஆபத்தானது என்பது உண்மையே. உத்திரங்களே எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துகின்றன. அவை போனபின் சுவர் தனித்து நிற்க வேண்டியதாகிறது. ஆனால் மரபைப் போற்றுவோர் இவ்வாதத்தை மறுத்தனர். மதராஸின் முதன்மையான அரண்மனை, இந்தோ சாரசெனிக் பாணிக்கு முன்னோடி என்று போற்றப்படும் நிர்மாணம், ஒரு நாள் நெருப்பைக் காரணமாகக் காட்டி அழிக்கப்படலாகாது என்று வற்புறுத்தினர். விவாதத்தின் முடிவில், அரசாங்கம் அதைப் பழையபடி மீட்டெடுப்பது என்றே தீர்மானித்தது.

நெருப்பு ஒரு பழங்கட்டடத்துக்கு என்ன செய்கிறது என்பதை அறியாமல் மீட்பு வேலையில் இறங்க முடியாது. செங்கல், நெருப்பிலே பிறந்த பொருள். சூளையில் ஏற்கனவே வெந்ததாகையால் அது பெரும்பாலும் தப்பிவிடும். சுண்ணாம்புச் சாந்தோ, கடுமையான வெப்பம் பட்ட மேற்பரப்பில், காளவாயில் கிளிஞ்சல் சுடப்படுவது போன்றே மீண்டும் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடுகிறது. அதன்மேல் தீயணைப்புக் குழாயின் நீர் பட்டதும் அது நீறிப் பருத்து உதிர்கிறது. தேக்குமரம் எரிவதிலும் ஒரு நிதானம் இருக்கிறது: வெளிப்புறம் கரியானதும் அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாக நின்று, தீ உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறது, பெரிய உத்திரமானால், கரியைச் செதுக்கி எடுத்தபின் வைரம் பாய்ந்த உட்பகுதி பழுதின்றி இருப்பதுண்டு. இரும்பு எரிவதில்லை, உண்மைதான். ஆனால் 550 அல்லது 600 டிகிரி சூட்டிலேயே பாதி பலத்தை இழந்து வளைந்துபோகிறது. அதற்கு முன்பே நீண்டு, தான் பதிந்திருக்கும் சுவரை வெளியே தள்ளிவிடுகிறது. ஆக, நவீனமானதென்று நாம் நம்பும் பொருள்கள், நெருப்பின் முன்னிலையில் பழம்பொருள்களை விடச் சிறந்தவை என்று எல்லாச் சமயத்திலும் சொல்வதற்கில்லை.

நெருப்பு போனபின் தண்ணீரின் சேதம் ஆரம்பமாகிறது. குழாய்கள் பாய்ச்சிய நீரைக் கனத்த சுவர்கள் குடித்துவிட்டு மாதக்கணக்காக வைத்திருக்கின்றன. கூரையில்லாத நிலையில் ஐப்பசி கார்த்திகை மழை வேறு. சுவரின் தலையில் நீர் இறங்கி, அரசும் ஆலும் முளைவிட்டு, ஓரிரு வருஷத்துக்குள் வேர்கள் சந்துகளைப் பிளந்துவிடும். எனவே இத்தகைய வேலையில் முதல் காரியம் எதையும் கட்டுவதன்று: சுவர்களுக்கு முட்டுக் கொடுப்பது, இடிபாட்டை வாரிக் கொட்டாமல் பொறுக்கியெடுப்பது, தற்காலிகமாக மேலே மூடுவது, உலரவிடுவது. இடிபாட்டில் கிடைக்கும் அச்சுக்கல்லின் அளவும், உத்திரத்தின் முனையும், உடைந்த சுதை வேலையின் துண்டும் பிற்பாடு மாதிரியாக உதவும். பழைய சாந்தைத் துளைத்தெடுத்துச் சோதித்து, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, கிளிஞ்சலா கற்சுண்ணாம்பா என்று கண்டபின்னரே புதிய சாந்தைத் தீர்மானிக்க முடியும்.

அதற்கடுத்தபடியாகச் செய்ய வேண்டியது, சிமெண்டைச் செதுக்கியெடுப்பது. கலச மஹாலில் நெருப்பு செய்த ஓர் உபகாரம் இருந்ததென்றால், தடுப்புகளையும் பொய்க்கூரைகளையும் பல பூச்சுகளையும் அது நீக்கிவிட்டு, கட்டடத்தின் மெய்யான அமைப்பைக் கண்முன் காட்டியதுதான். நல்ல நிலையில் இருந்த நாளில் யாருக்கும் தெரியாதிருந்த வளைவுகளும் கூடங்களின் உயரமும், எரிந்த பிறகே எல்லாருக்கும் தெரியவந்தன. அவ்வமைப்புக்கு ஏற்றவாறு, சுண்ணாம்பையும் செங்கல்லையும் தேக்கையும் கொண்டு, மதராஸ் ஒட்டுக் கூரையோடு அதை மீட்பது என்று வந்தபோது, பொதுப்பணித் துறைக்கு ஒரு விசித்திரமான சங்கடம் நேர்ந்தது. தன் முன்னோர்களான எஞ்சினீயர்கள் எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து சுண்ணாம்பைப் பற்றிப் படித்தார்களோ, அந்தக் கூரையைத் திரும்பப் போடுவதற்கு, சுண்ணாம்பை மறந்துபோன அந்தத் துறை, எழுத்தறிவு அதிகமில்லாத கொத்தனார்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. துறையின் பழைய விதிப் புத்தகங்களில் ஜல்லி இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு என்ற அளவுகள் இருந்தன. ஆனால் சாந்து கரணையில் எப்படி ஒட்ட வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் எத்தனை நாள் புளிக்க வேண்டும், தளத்தில் கட்டை எப்படிச் சத்தமிட்டால் போதும் என்பவை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எழுதினாலும் வாசித்துக் கற்கத்தக்கவை அல்ல. கோயில் திருப்பணிகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் வேலை செய்த குடும்பங்களில் அந்த வித்தை சிறிது எஞ்சியிருந்ததனாலேயே, தமிழ்நாட்டில் இத்தகைய புனருத்தாரணம் சாத்தியமாயிற்று.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து தானே இறுகிவிடும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டே கல்லாகிறது. ஒரு பூச்சு ஆறுமுன் மறு பூச்சு போட்டால் வெடிக்கும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மாவாய் உதிரும். நனைத்து, மூடி, காத்திருக்க வேண்டும். நிதியாண்டு மார்ச்சு மாதத்தில் முடிகிறதென்பது சுண்ணாம்புக்குத் தெரியாது. ஒப்பந்தக் காலத்தையும் சாந்தின் காலத்தையும் ஒத்துப்போகச் செய்வதே, சர்க்கார் நடத்தும் எந்தப் பழங்கட்டட வேலையிலும் மிகக் கடினமான சிற்பம் என்று சொல்லலாம்.

மற்றொரு பிரச்னை, எந்தக் காலத்துக்கு மீட்பது என்பது. வாலாஜாவின் அரண்மனையாகவே ஆக்குவதென்றால் சிஷோமின் கோபுரத்தை இடிக்க வேண்டும், அது விவேகமாகாது. வெறும் அழகைக் கருதி எல்லாவற்றையும் புதிதுபோல் பளபளக்கச் செய்தால், கட்டடம் தன் வயதை இழந்துவிடும். கட்டடத்தின் பலத்துக்கும் பயனுக்கும் ஊறுசெய்த பிற்காலச் சேர்க்கைகளை மட்டும் நீக்கி, சரித்திரம் சேர்த்த நல்லவற்றை வைத்துக்கொள்வதே நடுநிலை. அவ்விதமே வாலாஜாவும் சிஷோமும் இன்று ஒரே வளாகத்தில் அருகருகே இருக்கிறார்கள். மின்சாரம், தீத்தடுப்பு, குளிர்சாதனம் ஆகிய இக்காலத் தேவைகளையும் விலக்க முடியாது. சுவரை வெட்டாமலும், கூரைக்குள் ஒளித்து வைக்காமலும், பழுதானால் கண்ணுக்குத் தெரியும்படி அவற்றை அமைப்பதிலேயே அடுத்த தீயைத் தடுக்கும் சூட்சுமம் இருக்கிறது.

மீட்கப்பட்ட கலச மஹாலில் இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகிறது. ஆறுகளையும் காடுகளையும் கெடுத்தவர்கள் மீது வழக்கு விசாரிக்கும் மன்றத்துக்கு இது பொருந்தாத இடமன்று. பல்லாண்டு காலம் பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலையும் பின்னர் அதே சுண்ணாம்பு முறையில் புதுப்பிக்கும் பணி தொடங்கி நிறைவேறியது. கலச மஹால் எரியாதிருந்தால், ஹுமாயூன் மஹாலின் மீது இந்தக் கவனம் இவ்வளவு விரைவில் திரும்பியிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே. ஒன்றை மீட்கப் பழகிய கைகள் மற்றொன்றுக்கும் பயன்பட்டன. அதுவே இம்முயற்சியின் பெரிய லாபம் என்று கருதுகிறேன். ஏனெனில் மாளிகை ஒன்றுதான், கைகளோ பல இடங்களுக்குச் செல்லக்கூடியவை.

சென்னையில் மாத்திரமன்றித் தமிழ்நாட்டின் பழைய ஜில்லாத் தலைநகர்களிலெல்லாம், கலெக்டர் கச்சேரியாகவும் நீதிமன்றமாகவும் கல்லூரியாகவும் இயங்கிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் கூரைகளிலும் தட்டோடு விரிசல் விடுகிறது; அவற்றின் தாழ்வாரங்களிலும் கோப்புகள் மூட்டையாய்க் கிடக்கின்றன. தீ வந்த பின் பெருந்தொகை செலவழித்து ஒரு மாளிகையை மீட்பது பாராட்டுக்குரிய கைங்கரியமே. ஆயினும் தீ வருவதற்கு முன், ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, ஒரு சுண்ணாம்புத் தொட்டியை எப்போதும் வற்றாமல் வைத்து, அதில் வேலை கற்ற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வருஷம் முழுதும் நிரந்தரமாக வேலை கொடுப்பது, அதைவிட மலிவானது, அதைவிட மேலானது. கலச மஹால் கற்பித்த பாடத்தை அறிக்கையாக எழுதி அலமாரியில் அடுக்கிவிட்டோமானால், நவாபின் காலம் தொட்டு அந்த மாளிகையைச் சுற்றிச் சேர்ந்த காகிதங்களோடு அதுவும் ஒன்றாகிவிடும். அடுத்த கூரையை ஒட்ட வேண்டிய நாளில், அதைப் படிக்கத் தெரிந்தவர் இருப்பார், ஒட்டத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.